சாவி திறந்திருக்கு

அம்மா வேலை பார்த்த பலகையில் ஒரு சாவி இருந்தது. பூட்டுக்கான சாவி அல்ல. விரல் நீளத்தில் ஒரு பிடி. பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒவ்வோர் இணைப்புக்கும் அப்படி ஒன்று உண்டு. முன்னால் தள்ளினால் பேசுகிற இருவரையும் ஆபரேட்டர் கேட்கலாம். ஆபரேட்டர் வாய் திறந்தால் அது அந்த இருவருக்கும் கேட்கும். இணைப்புக் கொடுத்து "பேசுங்க" என்று சொன்னதும் சாவியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அதுதான் வேலை.

ஒரு மத்தியானம் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அதை இழுக்க மறந்துவிட்டு, சூப்பர்வைசரின் டோப்பாவைப் பற்றி விலாவாரியாகப் பேசியிருக்கிறார். இணைப்பில் இருந்தது சூப்பர்வைசரின் மனைவி. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அது டோப்பா இல்லம்மா, சாயம்" என்று சொல்லிவிட்டு வைத்தாராம். அன்றிலிருந்து அந்த அறையில் "சாவி திறந்திருக்கு" என்றால் வாயை மூடு என்று அர்த்தம்.

அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அப்பாவும் அவளும் உறவுக்காரர்களை அலசிக்கொண்டிருக்கும்போது நானோ தம்பியோ உள்ளே போனால், ஒருவர் மற்றவரிடம் "சாவி திறந்திருக்கு" என்பார்கள். பேச்சு நின்றுவிடும். தம்பி ரொம்ப நாள் அதை நம்பி வாசல் கதவைப் போய் ஆட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

வேலையில் இருந்தவரை அவள் கேட்டது எதுவும் வெளியே வந்ததில்லை. யார் வீட்டில் சண்டை, யார் யாரை ஏமாற்றுகிறார்கள், யாருக்கு எங்கிருந்து அழைப்பு வருகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். தெருவில் எதிரே வருகிற ஆளைப் பார்த்துச் சாதாரணமாகத் தலையசைத்துவிட்டுப் போவாள். "அந்தாளு யாரும்மா?" என்றால், "எனக்கென்ன தெரியும், குரல் கேட்டாத்தான் தெரியும்" என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு தம்பி ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். அதோடு மதகு திறந்தது.

காலையில் ஜன்னல் வழியே தெரிகிற வானம். பால் பொங்கி வழிந்த அடுப்பு. புதுச் செருப்பு, அது கடித்த குதிகால். பல் பிடுங்கிய கன்னம். அதற்கு முன்னால் பல். அப்பா சோபாவில் வாய் திறந்து தூங்குகிற படத்துக்கு "மதிய ஷோ" என்று தலைப்புப் போட்டாள். அப்பா மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஆயிரம் வீட்டு வாசலுக்குள் போனாலும் மீட்டரைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்புகிற மனிதர். அவருக்கு இது ஆகவில்லை.

"நான் என்ன விளம்பரப் பலகையா?"

"முழிச்சிருக்கறப்ப அந்த மூஞ்சி திறக்கறதே இல்லை. தூங்கறப்பதான் வாய் தெரியுது. அதையும் எடுக்கக்கூடாதுன்னா எப்படி?"

என் வேலை நெட்வொர்க் பாதுகாப்பு. மற்ற நிறுவனங்களின் கணினிகளில் எந்த வாசல் மூடாமல் கிடக்கிறது என்று தேடிச் சொல்வது. என் அம்மாவோ வெளியூர் போகிற நாளையும் திரும்புகிற நாளையும் டிக்கெட் படத்தோடு உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"திருடனுக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி இருக்கும்மா."

"வரட்டுமே, பாவம். எடுத்துட்டுப் போக என்ன இருக்கு? உங்கப்பாவை நான் கூடவே கூட்டிட்டுப் போறேன்."

ஒரே ஒரு முறைதான் நேராகப் பதில் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத்தனை வருஷமும் அடுத்தவங்க பேச்சு. எனக்குன்னு அந்த நாற்காலியில ஒரே வார்த்தை, பேசுங்க. அதையும் சொல்லிட்டுக் காதை எடுத்துடணும். இப்ப நான் பேசறேன். கேக்கறவங்க கேக்கட்டும்." அதோடு மற்றப் பதிவுகளை விட்டுவிட்டேன். திருடன் விஷயத்தில் மட்டும் கடைசிவரை தகராறு.

பிறகு நோய் வந்தது.

பரிசோதனை முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரையும் உட்காரவைத்தாள். அப்பா, நான், டைல்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி, தம்பி மனைவி. தம்பி மனைவிக்கு அழகு நிலையம். கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்து, அதை ரீல்ஸ் எடுத்துப் போடுவதுதான் தொழிலுக்கு விளம்பரம். அம்மாவுக்கு ஃபில்டர் போடச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"இது மட்டும் வெளியே போகக்கூடாது" என்றாள் அம்மா.

தம்பி சிரித்துவிட்டான். "நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். எத்தனை வீட்டுச் சாவுச் செய்தி என் கை வழியாப் போயிருக்கு தெரியுமா? இந்த மாதிரி விஷயம் தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே மாதிரிக் குரலை இறக்குவாங்க. 'எப்பிடிம்மா இருக்கே' அப்படின்னு. அந்த 'ம்மா'வுலயே எனக்குத் தெரிஞ்சுடும். அந்தக் குரல் எனக்கு வேணாம். நான் இருக்கறவரைக்கும் எங்கிட்ட எல்லாரும் சாதாரணமாப் பேசணும்."

ஒப்புக்கொண்டோம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மருந்து ஏற ஆரம்பித்து முடி கொட்டியது. ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டாள். பதிவுகள் நிற்கவில்லை. மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் படமெடுத்து "இன்று காற்று" என்று போட்டாள். எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. சினேகிதிகள் கூப்பிட்டு மாமியார், மருமகள், முழங்கால்வலி என்று கத்திப் பேசினார்கள். அவளும் படுக்கையிலிருந்தே கத்தினாள். நர்ஸ் வந்து, "அம்மா, பக்கத்து ரூம்ல பேஷன்ட் இருக்காங்க" என்றால், "நானும் பேஷன்ட்தான்" என்று பதில் வரும்.

ஒரு நாள் பகலில் போன் வந்தது. நான் அறையில் இருந்தேன். அம்மா எடுத்து, "சொல்லுடி" என்றாள். முகம் அப்படியே நின்றது. "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரும்மா?"

"உன் பெரியம்மா பொண்ணு." போனை மடியில் கவிழ்த்தாள். "குரலை இறக்கிட்டா."

அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. எல்லாம் அந்தக் குரல்தான். சாயங்காலத்துக்குள் அம்மா போன் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அது மேசைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் ஸ்கார்ஃபைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

தம்பி மனைவி பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"எதுல போட்டே?"

"என்ன அத்தை?"

"உன் கை சும்மா இருக்காதே. மொட்டைத்தலைக்கு எப்பிடி மேக்கப் போடறதுன்னு போட்டியா?"

அவள் பழத்தை வைத்தாள். என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "நான் போடலை அத்தை" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். போய்விட்டாள். அதன் பிறகு வரவில்லை. தம்பி மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். மூன்றாவது ஆளுக்குக் கேட்காதபடி என்னிடம் வராந்தாவில், "அவ போடலைக்கா. போனையே என் கையில குடுத்து பாத்துக்கோன்னுட்டா. நான் பாக்கலை. பாத்திருந்தா அதோட முடிஞ்சது" என்றான்.

எங்கோ கசிவு. எனக்கு அதுதான் ஓடியது. உட்கார முடியவில்லை. அம்மாவின் பக்கம், தம்பி மனைவியின் பக்கம், உறவுக்காரர்களின் குழுக்கள் எல்லாவற்றையும் மேலும் கீழும் தள்ளித் தேடினேன். எதிலும் ஒன்றுமில்லை. வார்டில் யாராவது தெரிந்தவர்களா என்று நடந்து பார்த்தேன். லிப்டில் ஏறி இறங்கினேன். அலுவலகத்தில் உட்கார்ந்தால் அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். அம்மாவுக்கு நாள் குறைவு என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அந்த நாள்களை அவள் சுவரைப் பார்த்துக் கழித்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி, ஒருவேளை ஒரு தப்பும் செய்யாதவள்தானோ என்னவோ, வீட்டோடு இருந்தாள்.

அம்மாவுக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பிளம்பர் வந்திருந்தார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகியதால் அப்பா கூப்பிட்டிருந்தார். சின்க்குக்கு அடியில் தலையை விட்டபடியே அவர் கேட்டார்.

"அம்மாவுக்கு இப்ப பரவாயில்லையா மேடம்? கழுத்துல வீக்கம் வத்திடுச்சா?"

நான் கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தேன். "வீக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதானே அனுப்பறாங்க."

"என்ன அனுப்பறாங்க?"

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "போன வருஷம் குழாய் ஒழுகறதை ஒரு போட்டோ அனுப்பினாங்க. அதுலேருந்து தினமும் வருது. சார் புதுக் கண்ணாடி போட்டது, தொட்டி உடைஞ்சது, பூனை. மொதல்ல எனக்குக் குழப்பமாத்தான் இருந்துச்சு மேடம். எதை ரிப்பேர் பண்ணச் சொல்றாங்கன்னே புரியலை."

"நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பூனை குட்டி போட்டுச்சு." சற்றுத் தயங்கினார். "மனசு வரலை."

அவர் காட்டிய படத்தில் அம்மா மருத்துவமனைக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்கார்ஃப் நழுவிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்தில் ஊசி ஏற்றிய இடம் வீங்கியிருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இது நான் எடுத்தது. வீக்கத்தை டாக்டர்கிட்ட காட்டறதுக்கு. என் போன்ல படம் மங்கலா விழுதுன்னு அவ போன்ல எடுத்தேன்." பிளம்பரைப் பார்த்தார். "இவர்கிட்ட எப்படிப் போச்சு?"

அம்மா தொடுவதில்லை என்பதால் அவள் போன் என் பையில்தான் இருந்தது. எப்படிப் போனது என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. போன வருடம் ஒரு சுற்றுலா போய் வந்தாள். படம் அனுப்பு, படம் அனுப்பு என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். ஒவ்வொருத்தருக்காக அனுப்பிக் களைத்துப்போய், அந்த வாரம் பேசிய எல்லாரையும் மொத்தமாகத் தொட்டு ஓர் ஆல்பத்தில் சேர்த்திருக்கிறாள். பிளம்பரும் அந்த வாரம் பேசியவர். இனி எடுக்கிற படங்களையும் இவர்களுக்குத் தானாக அனுப்பலாமா என்று போன் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்தியிருக்கிறாள். அவள் போன் கேட்ட எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. இருப்பிடம் பார்க்கலாமா, சரி. மைக் கேட்கலாமா, சரி. எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஒரு நம்பர் கேட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது. கொடுக்க வேண்டும்.

அவள் யோசித்துப் போட்ட பதிவுகள் வேறு. இது அவளுக்குத் தெரியாமலே ஓடிய வாய்க்கால்.

சொல்லவா, வேண்டாமா? மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அதேதான். சத்தமில்லாமல் மூடிவிட்டால் அவளுக்கு அவமானம் இல்லை. ஆனால் பழி தம்பி மனைவி தலையிலேயே நிற்கும். அம்மாவும் அந்தப் பழியைப் போட்டவளாகவே போய்விடுவாள்.

அறைக்குள் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

"அம்மா. சாவி திறந்திருக்கு."

சட்டென்று திரும்பினாள். வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தன் போனைப் பார்த்தாள். எனக்கு அதற்குமேல் விளக்க அதிகம் இருக்கவில்லை.

"எப்பத்துலேருந்து?"

"போன வருஷம் டூர் போயிட்டு வந்ததுலேருந்து."

"எல்லாமா?"

"இந்த போன்ல எடுத்தது எல்லாம்."

"இப்ப என்னைப் பத்தித் தெரிஞ்சது எதுலேருந்து? காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வாயைத் திறந்துட்டுத்தான் தூங்கறேனா நானும்" என்றாள். "உங்கப்பா பழி வாங்கிட்டாரு." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. இருமல் நின்றதும், "மருமகளுக்குப் போன் போடு" என்றாள்.

போட்டேன். எடுத்தாள்.

அம்மா போனை வாங்கி, எக்ஸ்சேஞ்சுக் குரலில், நான் சின்ன வயதில் கேட்ட அந்த நேரான குரலில் சொன்னாள்: "ராங் நம்பர் குடுத்துட்டேம்மா. உம்மேல தப்பில்லை. சாவி என் பலகையிலதான் திறந்து கெடந்துச்சு. மன்னிச்சுக்க."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு, "மொட்டைத்தலைன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன் அத்தை."

"என் தலையைத்தானேடி சொன்னேன்."

"அதுக்குத்தான்."

மறுநாள் ஒப்பனைப் பெட்டியோடு வந்தாள். அம்மாவுக்குப் புருவமும் கொட்டிப்போயிருந்தது. பென்சிலை நாக்கு நுனியில் வைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, ஒவ்வொரு முடியாக வரைந்தாள். அம்மா கண்ணாடியில் பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் சந்தேகப்படற மாதிரி இருக்கு" என்றாள். "உங்க சுபாவமே அதுதானே" என்றாள் இவள். பிறகு அம்மாவே, "இதை எடுத்துப் போட்டுக்கோ, நல்லா வந்திருக்கு. ஆனா கண்ணு மட்டும்" என்றாள். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. ஒரு கண், ஒரு புருவம். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கீழே, எந்தப் பென்சில் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆல்பத்தை மூடுவதற்கு நான் போனை எடுத்தேன். அம்மா தடுத்தாள். மொத்தமாகப் பிடுங்கக்கூடாது என்றாள். பெயரைப் படிக்கச் சொன்னாள். நான் படிக்க, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "எடு" என்றாள். பெரியம்மா மகள். "எடு." பால்காரர். "எடு." என் பழைய பள்ளிக்கூட டீச்சர், அவர் எப்படி வந்தார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. "எடு." பிளம்பர் வந்தபோது மட்டும் ஒரு கணம் யோசித்தாள். "பூனை கடைசியா எத்தனை குட்டி போட்டுச்சுன்னு சொல்லிட்டு எடு."

கடைசியில் டிரங்க் அக்கா. அம்மாவோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். வெளியூர் அழைப்புகளுக்கான டிரங்க் கால் பலகையில் உட்கார்ந்ததால் அந்தப் பெயர். எல்லாருக்கும் படம் போனபோது அவருக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டு விசாரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

"அவளை விட்டுடு" என்றாள் அம்மா. "அவ காதுக்குப் போனது திரும்பி வராது."

அதன் பிறகு அம்மா போனைக் கையில் எடுத்தாள். கூப்பிட்டவர்களிடம், "குரலை ஏத்திப் பேசு, கேக்கலை" என்று பொய் சொன்னாள். சிலர் ஏற்றினார்கள். சிலரால் முடியவில்லை. அவர்களிடம் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் போனை அப்பா வைத்துக்கொண்டார். தனியாக இருக்கிறார். பூட்டினோமா, அணைத்தோமா என்ற சந்தேகம் அவரை ஆட்டிவைக்கிறது. அடுப்பின் குமிழைப் படம் எடுப்பார். வாசல் பூட்டைப் படம் எடுப்பார். பாதித் தெரு போனதும் நின்று, படத்தைப் பார்த்துவிட்டு மேலே நடப்பார். ரீடிங் எடுத்த கை. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் படங்களெல்லாம் எங்கே போகின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. என் தொழிலுக்கு அது அழகில்லை. அம்மா போன பிறகு அந்த ஆல்பத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இருந்தபோது டிரங்க் அக்கா கூப்பிட்டார். குரலை இறக்கவில்லை.

"உங்கப்பா வெளிய கெளம்பிட்டாரா?"

"ஏங்கக்கா?"

"அடுப்புப் படம் வந்துச்சு. ஒரு குமிழை அணைச்சிருக்காரு, பக்கத்துக் குமிழ் பாதியில நிக்குது. நீலமா தெரியுது பாரு. முதல்ல அவருக்குப் போன் போடு, எங்கிட்ட அப்புறம் பேசலாம்."

அப்பா தெருமுனையில் இருந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே வீட்டுக்குப் போனேன். இதை மூடிவிட வேண்டும். அம்மாவின் படங்களுக்கு அம்மா அனுமதி கொடுத்தாள். அப்பாவின் அடுப்புக்கு அப்பா கொடுக்கவில்லை. தன் படம் வெளியே போவதை வாழ்நாளெல்லாம் வெறுத்த மனிதர். அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த வார்த்தையையே சொன்னேன்.

"அப்பா, சாவி திறந்திருக்கு."

அவர் உடனே வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எந்தப் பிள்ளை அறைக்குள் வந்துவிட்டது என்று பார்க்கிற அந்தப் பழைய பார்வை. கதவருகே யாருமில்லை. நான்தான் இருந்தேன். அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல வேண்டிய அம்மா இல்லை. டீ பொங்கி வந்தது, அவர் தீயைக் குறைத்தார்.

பிறகு எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"எல்லாமா போவுது?"

"இந்த போன்ல எடுக்கறது எல்லாம். அக்கா ஒருத்தருக்கு மட்டும். மூடிடட்டுமா?"

"உங்கம்மா என்ன சொன்னா?"

"அவங்களை விட்டுடுன்னு சொன்னா."

டீயை வடிகட்டினார். ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினார். "அப்ப விட்டுடு" என்றார். "ஆனா நான் தூங்கறப்ப யாரும் எடுக்கக்கூடாது."

"யாருப்பா எடுக்கப்போறாங்க?"

அவர் டீயைக் குடித்துவிட்டு, கடைக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். அடுப்பை அணைத்தார். போனை எடுத்து நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, போனைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணி எடுத்து, குமிழ்களைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்தார். அதன் பிறகு படம் எடுத்தார். பார்த்தார். விரல் குறுக்கே விழுந்திருந்தது. இன்னொன்று எடுத்தார்.